ஜாக்கி ராபின்சன்: ஒரு வீரரின் இல்வாழ்க்கை

விளையாட்டு வீரர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆடுகளத்தோடு நின்றுவிடுவர். எடுத்த ஓட்டங்கள், வென்ற கோப்பைகள், முறியடித்த சாதனைகள் ஆகியன எண்களாகக் கிடைப்பதால் அவற்றைத் தொகுப்பது எளிது. அவ்வீரரைப் பெற்று வளர்த்த தாய், அவருக்கு முன்னே ஓடிக் காட்டிய தமையன், தோளோடு தோள் நின்ற மனைவி, அவர் பெயரைச் சுமந்த மகன் ஆகியோரின் வாழ்வு எண்களுக்குள் அடங்குவதில்லை. இவர்களை விடுத்துச் சொன்னால் பொருள் குறைந்துபோகும் வரலாறுகள் சில உண்டு. அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் வரலாறு அத்தகையது.

பேஸ்பால், கிரிக்கெட்டைப் போன்றே மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. பந்தை அடித்தவர் நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவந்தால் ஓர் ஓட்டம். அமெரிக்கர் இதனைத் தம் தேசிய விளையாட்டாகவே போற்றுவர். ஆயினும், 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1947 வரை, அந்நாட்டின் முதல்நிலைக் குழுக்களில் கறுப்பினத்தவர் ஒருவருக்கும் இடம் தரப்படவில்லை. அவர்கள் தங்களுக்கெனத் தனிக் குழுக்கள் அமைத்து ஆடினர். 1947 ஏப்ரல் 15ஆம் நாள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் சார்பில் களமிறங்கி அத்தடையை உடைத்தவர் ராபின்சன். அந்த ஒரு நாளின் பின்னே ஒரு குடும்பத்தின் கால் நூற்றாண்டு உழைப்பு இருந்தது.

அன்னை மல்லி

ஜாக் ரூஸ்வெல்ட் ராபின்சன் 1919 சனவரி 31ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்துக் கெய்ரோ என்னும் ஊரருகே பிறந்தார். அம்மாதத் தொடக்கத்தில் மறைந்த முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் நினைவாக அவருக்கு நடுப்பெயர் இடப்பட்டது. தந்தை ஜெர்ரி வெள்ளையர் ஒருவரின் பெருநிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர். எட்கர், பிராங்க், மாக், வில்லா மே ஆகிய நால்வருக்குப் பின் பிறந்த ஐந்தாம் பிள்ளை ஜாக்கி. அக்குழந்தை தவழும் பருவத்தைக் கடப்பதற்குள் தந்தை குடும்பத்தைத் துறந்து சென்றார்.

கைவிடப்பட்ட பெண்ணுக்கு உறவினர் நிழலில் ஒதுங்கி வாழ்வது ஒரு வழி. மல்லி அவ்வழியை மேற்கொள்ளவில்லை. 1920இல் ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தொடர்வண்டி ஏறி, நாட்டின் மறுகோடியிலிருந்த கலிபோர்னியாவை அடைந்தார். பாசடீனா நகரில் வெள்ளையர் வீடுகளில் துணி துவைத்தும் பணிப்பெண்ணாக வேலை செய்தும் பொருளீட்டினார். சில ஆண்டுகளில் பெப்பர் தெருவில் 121ஆம் எண் வீட்டை வாங்குமளவு அவர் உயர்ந்தார்.

அத்தெருவில் வாழ்ந்தோர் வெள்ளையர். கறுப்பினக் குடும்பம் ஒன்று குடிவந்ததை அவர்களுள் பலர் விரும்பவில்லை. அக்குடும்பத்தை வெளியேற்றக் கையொப்பம் திரட்டவும் முயன்றனர். மல்லி சண்டையிடவும் இல்லை. வீட்டை விட்டுச் செல்லவும் இல்லை. தமக்குக் கிடைத்த உணவுப்பொருளை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்டார். பிள்ளைகள் எவர் முன்னும் தலை குனியாதவாறு வளர்த்தார். இழிவைப் பொறுத்துக்கொள்வதற்கும் இழிவுக்கு இணங்கிப் போவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னாளில் மகன் உலகறியச் செய்து காட்டினார். அதனை முதலில் செய்து காட்டியவர் அவர் தாயே.

வறுமையின் சுமையைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டனர். தாய் வேலைக்குச் செல்லும் வேளையில் சிறுவன் ஜாக்கியைப் பேணும் பொறுப்பு, தானும் சிறுமியாகவே இருந்த தமக்கை வில்லா மேயின் மீது விழுந்தது. அவள் தம்பியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வாள். வகுப்பு நடக்கும்போது அவன் வெளியே மணற்குழியில் விளையாடிக்கொண்டிருப்பான். அவள் சன்னல் வழியே அவனைக் கண்காணித்துக்கொண்டே பாடம் கேட்பாள். இவ்வேற்பாட்டுக்கு ஆசிரியையை இணங்கச் செய்தவரும் மல்லியே. அமெரிக்கா கொண்டாடிய வீரரின் முதல் ஆடுகளம் தமக்கையின் கண்பார்வைக்குள் இருந்த அந்த மணற்குழிதான்.

தமையன் மாக்

ஐவருள் மூன்றாமவர் மாத்யூ. மாக் என்றே அவரை அனைவரும் அழைத்தனர். ஓட்டத்தில் இணையற்றவராக வளர்ந்த மாக், 1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குத் தேர்வு பெற்றார். 200 மீட்டர் இறுதிப் போட்டியில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 20.7 விநாடிகளில் முதலிடம் பெற்றார், 21.1 விநாடிகளில் வெள்ளிப் பதக்கம் வென்றவர் மாக். ஓவன்ஸ் பெற்ற நான்கு பொற்பதக்கங்களின் ஒளியில் அவருக்கு அடுத்து ஓடி வந்தவரை உலகம் மறந்தது.

சொந்த ஊரும் அவரை நினைக்கவில்லை. ஒலிம்பிக் பதக்கத்தோடு திரும்பிய மாக்குக்குப் பாசடீனாவில் கிடைத்த வேலை தெருக்கூட்டும் வேலை. அமெரிக்க அணியின் பெயர் பொறித்த ஒலிம்பிக் மேலாடையை அணிந்துகொண்டே அவர் தெருக்களைக் கூட்டினார். பிறர் அதனைத் திமிர் என்று கருதியிருக்கலாம். ஆனால் அந்த மேலாடையை அணியும் உரிமையை ஓடி வென்றவர் அவர். இக்காட்சியை இளைஞர் ஜாக்கி கண்டு வளர்ந்தார். திறமை ஒன்றே ஒரு கறுப்பின இளைஞனுக்கு வாழ்வளித்துவிடாது என்பதை அவர் தம் வீட்டிலேயே கற்றார்.

தமையனைத் தெய்வமாகக் கருதிய தம்பி, தமையனின் சாதனையையே கடக்கவும் நேர்ந்தது. 1938இல் இளநிலைக் கல்லூரிகளுக்கான நீளம் தாண்டுதலில் 25 அடி 6½ அங்குலம் தாண்டி, மாக் படைத்திருந்த சாதனையை ஜாக்கி முறியடித்தார். அன்றே வேறோர் ஊருக்கு விரைந்து பேஸ்பால் போட்டியிலும் ஆடினார்.

மற்றொரு தமையனான பிராங்க், தம்பியின் ஒவ்வோர் ஆட்டத்தையும் கண்டு ஊக்குவித்தவர். 1939இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் உயிரிழந்தார். அத்துயரத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜாக்கி, கால்பந்து வகை, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் ஆகிய நான்கிலும் பல்கலைக்கழகச் சிறப்புத் தகுதி பெற்றார். அங்கு நான்கு விளையாட்டுகளிலும் அத்தகுதி பெற்ற முதல் மாணவர் அவரே. ஆயினும் தாயின் உழைப்புச் சுமையைக் குறைக்க விரும்பி, பட்டம் பெறாமலே 1941இல் படிப்பை நிறுத்தினார்.

ரேச்சலின் துணை

அப்பல்கலைக்கழகத்தில் 1940இல் அவர் சந்தித்தவர் ரேச்சல் ஐசம். 1922இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ரேச்சல், செவிலியர் கல்வி பயிலவேண்டும் என்னும் உறுதியோடு வந்தவர். ஐந்தாண்டுக் காலம் அவ்விருவரும் காத்திருந்தனர். ரேச்சல் தம் படிப்பை முடித்து 1945இல் பட்டம் பெற்றார். அதற்கிடையில் ஜாக்கி படையில் சேர்ந்து துணை அதிகாரியானார். 1944இல் பேருந்தின் பின்னிருக்கைக்குச் செல்ல மறுத்ததன் தொடர்பில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார்.

1945 ஆகஸ்டில் புரூக்ளின் குழுவின் தலைமை நிருவாகி பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்தார். முதல்நிலைக் குழுவில் ஒரு கறுப்பின வீரரைச் சேர்க்க அவர் எண்ணியிருந்தார். எவ்வளவு இழிவுபடுத்தினாலும் தொடக்க ஆண்டுகளில் திருப்பித் தாக்கக் கூடாது என்பது ரிக்கியின் நிபந்தனை. அச்சந்திப்பில் அவர் கேட்டறிந்த செய்திகளுள் ஒன்று, ஜாக்கிக்கு மணம் பேசிய பெண் உண்டா என்பது. இந்தப் போராட்டத்தைத் தனியொருவரால் தாங்க இயலாது என்பதை ரிக்கி உணர்ந்திருந்தார்.

1946 பிப்ரவரி 10ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது. சில நாள்களில் மணமக்கள் புளோரிடா மாநிலத்தில் நடைபெறவிருந்த பயிற்சிக்குப் புறப்பட்டனர். மல்லி வழிப்பயணத்துக்காகப் பொரித்த கோழியையும் வேகவைத்த முட்டைகளையும் ஒரு காலணிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். விமானத்தில் செல்லும் புதுமணத் தம்பதியருக்கு அக்கட்டுச்சோறு சற்று நாணத்தைத் தந்தது. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவர்கள் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டனர். அங்கு உணவகத்தில் அமர்ந்து உண்ணவும் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அன்று அவர்தம் பசியைத் தீர்த்தது தாய் கொடுத்த அப்பெட்டியே. தென்மாநிலங்களின் இயல்பை மல்லி அறிந்திருந்தார். கலிபோர்னியாவில் வளர்ந்த மருமகள் அன்றுதான் அறிந்தார். அவ்விமான நிலையத்தில் வெள்ளையப் பெண்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த ஒப்பனை அறைக்குள் ரேச்சல் துணிந்து சென்று திரும்பினார். பென்சகோலாவிலும் விமானத்திலிருந்து இறக்கப்பட்டபின், பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்தே அவர்கள் பயணத்தை முடிக்க நேர்ந்தது. படையில் பின்னிருக்கையை மறுத்தவர் இப்போது அதில் அமர்ந்தார். எடுத்துக்கொண்ட பணி பெரிதென்பதால் அடைந்த மௌனம் அது. அம்மௌனத்தின் கசப்பை அருகிலிருந்து கண்டவர் ரேச்சல் ஒருவரே.

அவ்வாண்டு ஜாக்கி கனடா நாட்டு மாண்ட்ரியல் குழுவில் ஆடினார். அண்டை வீட்டுப் பிரெஞ்சு மொழிக் குடும்பத்தார் கருவுற்றிருந்த ரேச்சலை அன்போடு பேணினர். நவம்பரில் மூத்த மகன் பிறந்தான். அவனுக்கும் ஜாக்கி என்றே பெயரிட்டனர்.

அடுத்த ஆண்டு புரூக்ளினில் ஆட்டம் தொடங்கியபோது, நாடே பேசிய அவ்வீரர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் நியூயார்க்கு விடுதியொன்றின் ஒற்றை அறையில் தங்கியிருந்தார். குளியலறையில் குழந்தைத் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. ரேச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டே முதல் ஆட்டத்தைக் காணச் சென்றார். எதிரணியினரின் வசைமொழிகளும், மனைவியையும் மகனையும் குறிவைத்த மிரட்டல் மடல்களும் தொடர்ந்தன. பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து, கணவர் மீது வீசப்பட்ட சொற்களைத் தாமும் கேட்டுக்கொண்டு, வீடு திரும்பியபின் அச்சொற்களுக்கு இடமில்லாத ஓர் இல்லத்தை ரேச்சல் உருவாக்கினார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் என்னும் விருதும், 1949இல் மிகுமதிப்பு வாய்ந்த வீரர் என்னும் விருதும் ஜாக்கியை அடைந்தன.

ஏரிக்கரை இல்லம்

1950இல் மகள் ஷேரனும் 1952இல் இளைய மகன் டேவிடும் பிறந்தனர். வளரும் பிள்ளைகளுக்கு மரமும் நீரும் சூழ்ந்த வீடு வேண்டுமென விரும்பிய ரேச்சல், கனெக்டிகட் மாநிலத்தில் இடம் தேடினார். விற்பனைக்கு இருந்த வீடுகள் அவரைக் கண்டதும் விற்பனைக்கு இல்லை என்றாயின. நாடறிந்த வீரரின் பெயரும் அங்கு உதவவில்லை. நல்லெண்ணம் கொண்ட வெள்ளையப் பெண்மணி ஒருவர் துணை நின்றமையால் ஸ்டாம்ஃபோர்டு நகரில் ஏரியொன்றை அடுத்து நிலம் வாங்கி வீடு கட்டினர்.

குளிர்காலத்தில் அவ்வேரி உறைந்துவிடும். பிள்ளைகள் பனிச்சறுக்கு ஆட விரும்புவர். அவர்களை அனுமதிக்கும் முன்னர், தந்தை கையில் ஒரு கோலோடு உறைநீரின் மேல் அடிமேல் அடி வைத்து நடந்து, தட்டிப் பார்த்து, அது தாங்கும் என்று உறுதி செய்வார். அவருக்கோ நீந்தத் தெரியாது. கறுப்பினச் சிறுவர்க்கு நகர நீச்சற்குளம் ஏழு நாளில் ஒரு நாள் மட்டுமே திறக்கப்பட்ட பாசடீனாவில் வளர்ந்தவர் அவர். தந்தைக்கு நீந்தத் தெரியாது என்பதைப் பின்னர் உணர்ந்தபோதுதான் அச்செயலின் துணிவு ஷேரனுக்கு விளங்கிற்று. அவர் அதனைச் சிறுவர்க்கான நூலாகவும் எழுதினார். எவரும் கால் வைக்காத இடத்தில் முதலில் தாம் கால் வைத்துப் பார்த்தல் என்பது களத்திலும் இல்லத்திலும் ராபின்சனின் இயல்பாகவே இருந்தது.

பத்து ஆண்டுகள் ஆடி, 1955இல் உலகத் தொடர் வெற்றியிலும் பங்கு பெற்றபின், 1957 தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே நீரிழிவு நோய் கண்டறியப்பட்டது. காப்பி நிறுவனம் ஒன்றில் துணைத்தலைவராகப் பணியாற்றிக்கொண்டே கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு நிதி திரட்டி ஊர் ஊராகப் பயணம் செய்தார். 1963இல் அவ்வில்லத்தின் புல்வெளியிலேயே ஜாஸ் இசை நிகழ்ச்சி நடத்தி, சிறைப்பட்ட போராட்டக்காரர்களைப் பிணையில் எடுக்க நிதி திரட்டினர்.

ரேச்சலும் தமக்கென ஒரு பாதையை வகுத்தார். மனைவி வேலைக்குச் செல்வதில் ஜாக்கிக்குத் தொடக்கத்தில் முழு உடன்பாடு இல்லை. தாய் வேலைக்குச் சென்றதன் துயரைக் கண்டவர் அவர். மனைவிக்கு வேலை என்பது துயரமன்று, தேர்வு என்பதை உணர அவருக்குக் காலம் தேவைப்பட்டது. ரேச்சல் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியத்தில் மேற்பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகவும், கனெக்டிகட் மனநல மையத்தின் செவிலியத் துறை இயக்குநராகவும் விளங்கினார். கணவரின் நிழலில் நின்று பெற்ற பதவிகள் அல்ல இவை.

1962இல் பேஸ்பால் புகழ் மன்றத்தில் இடம் பெற்ற நாளில், ஜாக்கி தம் தாயையும் மனைவியையும் ரிக்கியையும் தம்மோடு நிற்குமாறு அழைத்தார். அவரைப் புகழ்ந்தோரில் எத்தனை பேர் அதன் பொருளை உணர்ந்தனரோ, அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

மூத்த மகன்

புகழின் விலையை அக்குடும்பத்தில் மிகுதியாகக் கொடுத்தவர் மூத்த மகன். செல்லுமிடமெல்லாம் தந்தையின் பெயரே அவருக்கு முன்னே சென்றது. மட்டையைத் தொட்டால் தந்தையோடு ஒப்பிட்டனர். தொடாவிட்டால் ஏனென்று கேட்டனர். பள்ளியிலோ வெள்ளைய மாணவரிடையே அவர் தனியர். உயர்நிலைப் படிப்பை முடிக்காமல் 1964இல் படையில் சேர்ந்தார். வியட்நாம் போரில் 1965இல் காயமுற்றார். திரும்பி வந்தபோது போதைப்பொருளுக்கு அடிமையாகியிருந்தார்.

1968 மார்ச்சில் அவர் கைது செய்யப்பட்டார். செய்தியாளர் சூழ்ந்து நின்றபோது ஜாக்கி எதனையும் மறைக்கவில்லை. பிறர் பிள்ளைகளுக்குத் தாம் வழிகாட்டியாக அமைந்த அளவுக்குத் தம் மகனுக்கு அமையவில்லை என்று வெளிப்படையாக வருந்தினார். கடமைகளின் மிகுதியில் வீட்டுக்குள் நிகழ்ந்ததைக் காணத் தவறியதை ஒப்புக்கொள்ளும் துணிவு, களத்தில் காட்டிய துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று. அவ்வாண்டு மே மாதத்தில் அன்னை மல்லியும் மறைந்தார்.

மகன் டேடாப் என்னும் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து போதைப் பழக்கத்திலிருந்து மீண்டார். மீண்டதோடு நில்லாமல், தம்மைப் போல் வந்தவர்களுக்கு அங்கேயே வழிகாட்டியாகப் பணியாற்றினார். மறுவாழ்வு இல்லத்தாருக்கு ராபின்சன் குடும்பத்தார் தம் இல்லத்தில் ஒரு நாள் விருந்தளித்தனர். விடைபெறும் வேளையில் தந்தை கை குலுக்கக் கையை நீட்டினார். படைக்குப் புறப்பட்ட நாளிலும் அவ்வாறே கை குலுக்கி அனுப்பியிருந்தார். இம்முறை மகன் அக்கையை விலக்கிவிட்டுத் தந்தையை இறுகத் தழுவிக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் இருவருக்குமிடையே நின்ற ஏதோ ஒன்று அக்கணத்தில் அகன்றது.

மறுவாழ்வு இல்லத்துக்கு நிதி திரட்டப் பெற்றோர் இல்லத்துப் புல்வெளியில் ஜாஸ் நிகழ்ச்சி ஒன்றை நடத்த மகன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். 1971 சூன் 17ஆம் நாள் வீடு திரும்புகையில் கார் விபத்தில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 24. சில நாள்களில் அதே புல்வெளியில் அந்நிகழ்ச்சி நடைபெற்றது. மகன் தொடங்கிய பணியைப் பெற்றோர் தடைப்பட விடவில்லை.

எஞ்சியவை

நோயும் துயரும் ஜாக்கியின் உடலைத் தளர்த்தின. பார்வையும் பெரிதும் மங்கிற்று. 1972 அக்டோபர் 15ஆம் நாள் உலகத் தொடர் ஆட்ட அரங்கில் அவரைப் பாராட்டினர். முதல்நிலைக் குழு ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் பயிற்றுநராகும் நாளைக் காணவேண்டும் என்பதையே அவர் அங்கும் வலியுறுத்தினார். ஒன்பது நாள்களுக்குப் பின், அக்டோபர் 24ஆம் நாள், ஸ்டாம்ஃபோர்டு இல்லத்தில் மாரடைப்பால் மறைந்தார். அகவை 53. புரூக்ளினில் மகனின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ரேச்சல் ஓய்ந்துவிடவில்லை. 1973இல் கணவர் பெயரால் அறக்கட்டளை நிறுவி, வசதியற்ற மாணவர்களுக்கு உயர்கல்வி உதவி வழங்க வழி செய்தார். 2022இல், தமது நூறாம் வயதில், நியூயார்க்கில் கணவர் பெயரால் அமைந்த காட்சியகத்தின் திறப்பு விழாவிலும் கலந்துகொண்டார். ஷேரன் பேறுகாலச் செவிலியாகப் பணியாற்றிப் பின்னர் நூலாசிரியரானார். டேவிட் தம் மூதாதையரின் கண்டத்துக்குச் சென்று தான்சானியாவில் காப்பித் தோட்டம் அமைத்தார். வாரத்துக்குப் பயிரிட்ட உழவரின் பேரன் சொந்த நிலத்தில் பயிர் செய்தார்.

மாக் பாசடீனாவிலேயே வாழ்ந்தார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியை ஏந்தி வந்தோருள் அவரும் ஒருவர். பெர்லினிலிருந்து அவர் திரும்பி 48 ஆண்டுகள் கடந்திருந்தன. 2000இல் அவர் மறைந்தார்.

பாசடீனா நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே 1997இல் இரு பெரும் வெண்கலத் தலைச்சிற்பங்கள் நிறுவப்பட்டன. ஒன்று ஜாக்கியுடையது, மற்றொன்று மாக்குடையது. ஜாக்கியின் முகம் கிழக்கே, புகழ் பெற்ற புரூக்ளினை நோக்கியுள்ளது. மாக்கின் முகம், தம்மைத் தெருக்கூட்ட வைத்த நகரின் மன்றத்தை நேர்கொண்டு நோக்கியுள்ளது. தம்பியை மட்டும் தனியே நிறுத்தாமல் தமையனையும் உடன் நிறுத்திய அச்சின்னம், காலந்தாழ்ந்தேனும் அக்குடும்பத்துக்குச் செய்யப்பட்ட நீதி. அங்கு மல்லிக்குச் சிலை இல்லை. இரு மக்களின் நிமிர்ந்த தலைகளில் அவரைக் காணலாம்.